டி-ஷர்ட்டும் ஸ்டிக்கரும் மட்டும் கொண்டு வராதீர்கள்

போன மாதம் எங்கள் டீமிலிருந்து மூன்று பேரை ஒரு டெக் மாநாட்டுக்கு அனுப்பினோம். திங்கட்கிழமை காலை, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"சூப்பர்ண்ணா. சாப்பாடு செம."

சரி, அப்புறம்? ஒருவர் பையைத் திறந்து காட்டினார். இரண்டு டி-ஷர்ட், ஒரு தண்ணீர் பாட்டில், லேப்டாப் மூடி கொள்ளாத அளவு ஸ்டிக்கர். புதிதாக யாரிடம் பேசினீர்கள் என்றதும் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு நாளும் சேர்ந்தே உட்கார்ந்து, சேர்ந்தே சாப்பிட்டு, ஒரே கேப்பில் திரும்பி வந்திருக்கிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முதல் நாலைந்து மாநாடுகளை நானும் அப்படித்தான் கழித்தேன். நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வருவேன்; ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை. மேடையில் பேசுவதில் பெரும்பகுதி சில வாரங்களில் யூடியூபுக்கு வந்துவிடுகிறது. வீட்டில் கால்நீட்டி உட்கார்ந்து ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்துக்கொள்ளலாம். யூடியூபில் வராத பகுதி ஒன்று இருக்கிறது. லீவு போட்டு, டிக்கெட் எடுத்துப் போவது அதற்காகத்தான். எனக்கு அது தாமதமாகத்தான் புரிந்தது.

சில வருடங்களுக்கு முன் நடந்தது. எங்கள் டேட்டாபேஸில் ஒரு டேபிளுக்குப் புதிதாக ஒரு ஃபீல்டு சேர்க்கப் பகலிலேயே மைக்ரேஷன், அதாவது டேபிளின் அமைப்பை மாற்றும் வேலை, ஓட்டினோம். கண் சிமிட்டும் நேரத்தில் முடிய வேண்டிய வேலை. ஆப் முழுக்க நான்கு நிமிடம் உறைந்துபோனது. பிறகு தானாகவே எழுந்தது. சர்வர் பதிவுகளைப் புரட்டினோம், ஒன்றும் பிடிபடவில்லை. மேலே அனுப்பிய அறிக்கையில் 'தற்காலிக நெட்வொர்க் கோளாறு' என்று எழுதினோம். நெட்வொர்க் ஒரு பாவமும் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் போன மாநாட்டில், ஹாலுக்கு வெளியே ஒரு வெள்ளைப் பலகை. மேலே அறை எண்கள், பக்கத்தில் நேரம், நடுவில் வெறும் கட்டங்கள். யார் வேண்டுமானாலும் தலைப்பு எழுதி ஒட்டலாம். இதை ஓப்பன் ஸ்பேஸ் என்பார்கள். இரண்டு முறை அதைக் கடந்து போய்விட்டு, மூன்றாவது முறை ஒரு மஞ்சள் தாளில் எழுதி ஒட்டினேன்: 'ஒரே ஒரு ஃபீல்டு சேர்த்தேன், நாலு நிமிஷம் ஆப் படுத்துருச்சு. ஏன்?'

ஏழு பேர் வந்தார்கள். கோவையில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்ப்பவர், உங்கள் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த நேரத்தில் ஏதாவது பெரிய ரிப்போர்ட் ஓடிக்கொண்டிருந்ததா என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அவர் ஸ்பான்சர் நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கத்தில் வரிசையாக ஆட்களை வரைந்தார். "ரேஷன் கடைன்னு வச்சுக்கோங்க. கவுன்டர்ல ஒருத்தர் மெதுவா மூட்டை கட்டிட்டிருக்கார். அதுதான் ரிப்போர்ட். அடுத்து நிக்கிறவர், 'எனக்குக் கடையையே ஒரு நிமிஷம் பூட்டித் தரணும்'னு கேக்குறார். அது உங்க ஆல்டர் டேபிள், ஃபீல்டு சேர்க்குற கட்டளை. முதல் ஆள் போகாம அவருக்குப் பூட்டு கிடைக்காது. அவர் நகராம பின்னாடி வர்ற யாருக்கும், சும்மா விலை கேக்க வந்தவருக்குக்கூட, வழி கிடைக்காது." பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தை, அதாவது லாக் டைம்அவுட்டை, இரண்டு விநாடிக்கு வைத்துக்கொள்ளுங்கள், பூட்டு கிடைக்காவிட்டால் மைக்ரேஷன் தோற்று விலகட்டும், கொஞ்சம் பொறுத்து மறுபடி முயலட்டும் என்றார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இதெல்லாம் ஆவணத்தில் இல்லாததல்ல. எந்த வார்த்தையைப் போட்டுத் தேடுவது என்றுதான் எனக்குத் தெரியாமலிருந்தது. அன்று எந்த மேடையிலும் இந்தத் தலைப்பு இல்லை.

இந்த வெற்றுக் கட்ட யோசனைக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர் படாதபாடு பட்டு ஒரு பெரிய மாநாடு நடத்தினார். முடிந்தபின் எல்லோரும் புகழ்ந்தது காபி இடைவேளையை. அப்படியானால் மாநாட்டையே காபி இடைவேளை மாதிரி நடத்தினால் என்ன என்று யோசித்து, 1985-ல் ஓப்பன் ஸ்பேஸைத் தொடங்கினார். மென்பொருள்காரர்களிடம் இது பரவியதற்கு பார்கேம்ப் ஒரு முக்கியக் காரணம். ஓ'ரைலி பதிப்பகம் அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் ஃபூ கேம்ப் நடத்திக்கொண்டிருந்தது. அழைப்பு இல்லாதவர்களும் கூடலாமே என்று 2005 ஆகஸ்டில், கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், சில நாள் ஏற்பாட்டிலேயே பார்கேம்பைக் கூட்டிவிட்டார்கள். ஃபூ, பார் இரண்டும் புரோகிராமர்கள் உதாரணத்துக்குப் போடும் பெயர்கள். நம்ம கணக்குப் புத்தகத்து ராமு, சோமு மாதிரி. அடுத்த வருடமே சென்னையிலும் பார்கேம்ப் நடந்தது.

ஓவன் சொன்னவற்றில் எனக்குப் பிடித்தது இரண்டு கால் விதி. இருக்கும் இடத்தில் நீங்கள் எதையும் கற்கவுமில்லை, கொடுக்கவுமில்லை என்றால், கால்கள் இருக்கின்றன, வேறு இடத்துக்கு நடங்கள். நம் ஊரில் இதுதான் கஷ்டம். ஒருவர் பேசும்போது எழுந்து போனால் மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இங்கே உட்கார்ந்து போனை நோண்டுவதுதான் மரியாதைக் குறைவு. ஒருமுறை நாங்கள் நடத்திய கூட்டத்தில் ஒரு ஸ்பான்சர், 'அனுபவப் பகிர்வு' என்று எழுதி ஒட்டிவிட்டு, பத்தாவது நிமிடத்தில் தன் சரக்கின் விலைப்பட்டியலைக் காட்டினார். யாரும் சண்டை போடவில்லை. கால் மணியில் அறையில் அவரும் புரொஜெக்டரும்தான் இருந்தார்கள்.

நடத்துபவர்களுக்கு ஒன்று. பலகையை வைத்துவிட்டு நகர்ந்தால் அது மதியம் வரை வெறுமையாகவே கிடக்கும். பந்தியில் முதல் ஆளாக உட்கார யாருக்கும் கூச்சம்தானே? நான் முந்தைய நாளே நாலு பேரிடம் சொல்லி வைத்து, காலையில் அவர்களை எழுத வைத்துவிடுவேன். மீதிக் கட்டங்கள் தானாக நிரம்பும்.

மொழியையும் கவனியுங்கள். வட்டத்தில் தமிழ் தெரியாத ஒருவர் உட்கார்ந்தால் மொத்தப் பேச்சும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது; மாவட்டக் கல்லூரிகளிலிருந்து பஸ் பிடித்து வந்த பிள்ளைகள் அந்த நிமிடமே வாய் மூடிவிடுகிறார்கள். அந்த ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு ஆளைப் போடுவது பெரிய விஷயமில்லை. 2023 ஜனவரியில் டெபியன் என்ற இலவச இயங்குதளத்தை உருவாக்குபவர்களின் மினி டெப்கான்ஃப் மாநாடு விழுப்புரத்திலேயே நடந்தது. எல்லாவற்றுக்கும் சென்னைக்கோ பெங்களூருக்கோ வரவேண்டும் என்ற பழக்கம் இப்படித்தான் உடையும்.

இனி எச்சரிக்கை. உற்சாகத்தில் லேப்டாப்பை புரொஜெக்டரில் மாட்டி, டெர்மினலைத் திறந்து, கம்பெனியின் ரகசியச் சாவிகள் (பாஸ்வேர்டு மாதிரி) இருக்கும் ஃபைலை அறை முழுக்கக் காட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். முன்வரிசையில் ஒரு போன் படம் எடுத்துவிட்டால் போதும். அப்படி ஆனால் கூட்டம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அங்கேயே அந்தச் சாவியை ரத்து செய்துவிட்டு மேலே பேசுங்கள். மாநாட்டுக்கென்று தனி யூசர் கணக்கு ஒன்று லேப்டாப்பில் வைத்துக்கொள்வது என் வழக்கம். வாடிக்கையாளர் பெயரும் தரவும் பேச்சில் வேண்டாம்; என் கதையில் டேபிளின் பெயர்கூடத் தேவைப்படவில்லை. அதேபோல் பிறர் தங்கள் கம்பெனியில் நடந்த கோளாறைச் சொன்னால், பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சொன்னவர் யார் என்பதை அறையிலேயே விட்டுவிடுங்கள். மறுநாள் லிங்க்டுஇன்னில் அவரை டேக் செய்து நன்றி சொல்வது நன்றியல்ல, காட்டிக்கொடுப்பது.

காரிடாரில் நிற்பதற்கும் ஒரு நல்ல வழக்கம் உண்டு. மென்பொருள் ஆவணங்களை வெளியிட உதவும் ரீட் த டாக்ஸ் தளத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எரிக் ஹோல்ஷர் அதற்குப் பேக்-மேன் விதி என்று பெயர் வைத்தார். வட்டமாக நின்று பேசும்போது, பழைய வீடியோ கேமில் வாய் திறந்தபடி வரும் பேக்-மேன் போல ஒரு ஆள் நுழைய இடம் விட்டு நில்லுங்கள். யாராவது வந்து நின்றால் மறுபடி கொஞ்சம் நகர்ந்து இன்னொரு இடம் விடுங்கள்.

எங்கள் டீமின் அந்த மூவருக்கும் அடுத்த கூட்டம் இந்தச் சனிக்கிழமை. ஆளுக்கொரு கேள்வி எழுதி வரச் சொன்னேன். ஒருவர், 'மைக்ரோசர்வீஸ் நல்லதா, கெட்டதா?' என்று எழுதியிருந்தார். ஒரு பெரிய மென்பொருளைச் சின்னச் சின்ன சர்வீஸ்களாகப் பிரித்து ஓட்டுவதுதான் மைக்ரோசர்வீஸ். அந்தக் கேள்வியைப் பட்டிமன்றத்துக்கு அனுப்பு என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அரைமணி கழித்து வேறொன்று கொண்டுவந்தார்: 'ஆர்டர் சர்வீஸ் பணத்தை எடுத்துருது, ஸ்டாக் சர்வீஸ் விழுந்துருது. பணத்தை எப்போ திருப்பித் தரணும்?' இதற்கு எனக்கும் திருப்தியான பதில் இல்லை. மஞ்சள் தாள் கட்டை அவரிடம் கொடுத்தேன். மூவரும் வேறு வேறு மேஜையில் சாப்பிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.