ஒன்றரை இன்ச் சிக்லிட்டுக்கு நிறத்தைப் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள்

"அண்ணா, இது என்ன மீன்?" என்று கேட்டு, விரல் நுனி அளவுக் குஞ்சின் மங்கலான படம் ஒன்று. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீட்டுத் தொட்டிகளை அமைத்துப் பராமரிக்கும் வேலையில் எனக்கு அதிகம் வருவது இந்தக் கேள்விதான். கடையில் சிக்லிட் என்ற குடும்பத்து வண்ண மீன்களை 'ஆப்பிரிக்கன் மிக்ஸ்' என்று ஒரே பையில் ஏழெட்டுக் குஞ்சாகப் போட்டுக் கொடுத்திருப்பார்கள், வாங்கியவரும் மஞ்சள் ரெண்டு, நீலம் ரெண்டு என்று கலர் பார்த்துப் பொறுக்கியிருப்பார். சில மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் தொட்டியில் ஒன்று மட்டும் கொழுத்து நிற்கும், மற்றதெல்லாம் வால் கிழிந்து ஃபில்டருக்குப் பின்னால் ஒண்டிக்கிடக்கும். அந்த ஒன்று எது என்று வாங்கும்போதே தெரிந்திருக்க வேண்டும், ஆனால் நிறம் அதைச் சொல்லாது.

முதலில் அது சிக்லிட் தானா என்று பாருங்கள். பெரும்பாலான மீன்களுக்கு மூக்கில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு துளை இருக்கும், சிக்லிட்டுக்கு ஒன்றுதான். உடம்பின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் பக்கக்கோடும் செவுள் பக்கம் ஆரம்பித்து, பாதியில் நின்று, கொஞ்சம் கீழே இறங்கி மறுபடி வால் வரை போகும். ரொம்பச் சின்னக் குஞ்சில் இது கண்ணுக்குத் தெரியாது, போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால்தான் தெரியும்.

அடுத்தது குதத் துடுப்பு, அதாவது வயிற்றுக்கு அடியில் வாலுக்கு முன்னால் இருப்பது. அதன் முன்பக்கத்து முட்களை எண்ணுங்கள். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களுக்கு 3, தென் அமெரிக்க ஆஸ்கருக்கு 3, நம்ம ஏரியில் கிடைக்கும் ஜிலேபி மீனுக்கும் (திலாப்பியா) 3. கான்விக்ட், ஜாக் டெம்ப்சி, ரெட் டெவில், ஃபிளவர்ஹார்ன் மாதிரி மத்திய அமெரிக்க வம்சத்துக்கு 5, 6 என்று அதற்கு மேலேதான் போகும். வயதாக ஆக நிறம் மாறும், இந்த எண்ணிக்கை மாறாது. யாரும் பார்ப்பதில்லை, நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

சரி, மூன்று முள், ஆஸ்கரும் ஜிலேபியும் இல்லை, மலாவி என்று முடிவாகிவிட்டது. இப்போது கோடு குத்துக்கோடா, படுக்கைக்கோடா என்று பாருங்கள். மஞ்சள் உடம்பில் கறுப்புப் படுக்கைக்கோடு இருந்தால் அது ஆரேட்டஸ் ஆக இருக்க வாய்ப்பு அதிகம். குஞ்சும் பெண்ணும்தான் இந்த அழகு, ஆண் முதிர்ந்தால் உடம்பு கருத்துவிடும், குணமும் அதற்கேற்ற மாதிரிதான். உடம்பில் கோடே இல்லாத மஞ்சள், வளர வளர முதுகுத் துடுப்பில் கறுப்புப் பட்டை ஏறினால் எலக்ட்ரிக் யெல்லோ, இந்தக் கூட்டத்திலேயே கொஞ்சம் சாதுவான மீன். வெளிர் நீலத்தில் குத்துக்கோடு போட்ட குஞ்சுதான் நிறைய பேரைக் குழப்புகிறது. டெமசோனி என்று சொல்லி வாங்கியிருப்பார்கள், அது கென்யியாக இருக்கும். டெமசோனிக்குக் கோடு முகம் வரைக்கும் அடர்த்தியாக வரும், மீனும் சுமார் 3 இன்ச்சோடு நின்றுவிடும். கென்யி 5 இன்ச் தொடும், பெண் கடைசிவரை நீலம், ஆண் மஞ்சளாக மாறிவிடும். நீலமாக வாங்கியது மஞ்சளாகிவிட்டதே, நோயா என்று பதறிப்போய்க் கூப்பிடுகிறார்கள். நோயில்லை, தொட்டிக்கு ரவுடி வந்துவிட்டான், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். குஞ்சிலேயே பளபளவென்று கலர் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பீகாக் என்ற மலாவி மீனின் குஞ்சுகள் இயல்பில் சாம்பல், பழுப்பில் குத்துக்கோட்டோடு மந்தமாகத்தான் இருக்கும், ஆண் மட்டும், அதுவும் கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் நிறம் காட்டும். ஒன்றரை இன்ச்சில் ஒரு தொட்டி முழுக்க எல்லாமே ஜொலிக்கிறது என்றால் தீனியில் ஆண் ஹார்மோன் கலந்திருக்கலாம். வீட்டுக்கு வந்து சாதாரணத் தீனி தின்ன ஆரம்பித்ததும் நிறம் வடியும், அதில் பெண் மீன்கள் மலடாகவும் போகலாம். மந்தமான குஞ்சைக் காட்டி "இது பீகாக், பொறுங்கள், கலர் வரும்" என்று சொல்லும் கடைக்காரரை நான் நம்புவேன்.

ஆஸ்கர் குஞ்சு சுலபம். கறுப்பில் வெள்ளை, ஆரஞ்சு நெளிநெளியாக இருக்கும். பெயரில் குழப்பமில்லை, சைஸில்தான். ஒரு அடி வளரும், பத்து வருடத்துக்கு மேல் வாழும், ரெண்டு அடித் தொட்டிக்கு அது வேண்டாம்.

ஏரி மதகில் பிடித்து வந்த 'கோடு போட்ட மீன்' படங்களும் வரும். முதுகுத் துடுப்பின் பின்பாதி அடியில் கறுப்புப் பொட்டு இருந்தால் அது ஜிலேபிக் குஞ்சு. வளர்ந்ததும் பொட்டு மறைந்துவிடும். 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்கச் சிக்லிட் அது. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பக்கம் மசாலா தடவிப் பொரித்துத் தின்றிருப்பீர்கள். தொட்டியில் போட்டால் வாயில் குஞ்சு காத்துப் பெருக்கித் தள்ளிவிடும்.

மிக்ஸ் பையில் வந்தவற்றில் பல கலப்பினம். அதற்கு என்னாலும் பெயர் சொல்ல முடியாது, பெயர் இல்லாத மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து நண்பருக்கு 'ஒரிஜினல்' என்று கொடுக்காதீர்கள்.

இவ்வளவு ஏன் துருவ வேண்டும் என்றால், தண்ணீர். நம்ம இரண்டு மாவட்டத்து போர் தண்ணீர் பெரும்பாலும் கடினத் தண்ணீர். அதில் ஃப்ளோரைடு பிரச்சினையும் உண்டு, அதற்காகத்தான் 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரே வந்தது. மலாவி மீனுக்குக் கடினத் தண்ணீர் ஒத்துப்போகும், ஏனென்றால் அந்த ஏரியின் பி.எச். அளவே 8ஐ ஒட்டித்தான். ராம், டிஸ்கஸ் மாதிரி மிருதுவான தண்ணீர் மீன் அதில் வாடும். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் பிடித்தால் குளோரினை நீக்கிவிட்டு விடுங்கள். ஓசூர்ப் பக்கம் மார்கழிக் குளிரில் ஹீட்டர் இல்லாத தொட்டியில் நிறமே செத்துப்போயிருக்கும், அந்தப் படத்தை வைத்தும் எதையும் சொல்ல முடியாது. பையிலிருந்து விட்ட அன்றும் அப்படியே. ரெண்டு மூன்று நாள் பழகவிட்டு, பிளாஷ் போடாமல், துடுப்பு விரிந்திருக்கும்போது நேர்ப் பக்கவாட்டில் எடுங்கள். மேலிருந்து எடுத்த படம் வேண்டவே வேண்டாம்.

வளர்ந்து தொட்டிக்குப் பெரிதாகிவிட்டால் ராமக்காள் ஏரி, அவதானப்பட்டி ஏரி, தென்பெண்ணை என்று எங்கேயும் விடாதீர்கள். ஜிலேபி ஒன்று பரவியதே போதும். வாங்கிய கடையிலேயே கேளுங்கள், காசு தராவிட்டாலும் மீனை எடுத்துக்கொள்ளக்கூடும். கொண்டுபோகும்போது ஒரு பையில் ஒரு மீன்தான், ரெண்டைச் சேர்த்துக் கட்டினால் பஸ்ஸ்டாண்டு போவதற்குள் சண்டையில் ஒன்று செத்திருக்கும்.