சுத்தி என்றால் கழுவுவது அல்ல

சேராங்கொட்டையை "நன்றாகச் சுத்தம் செய்து" பயன்படுத்தவும் என்று ஒரு மூலிகைக் குறிப்பில் போட்டிருந்தார்கள். என் பெரியம்மா அதை நம்பி, குழாய்த் தண்ணீரில் இரண்டு தரம் அலசி, அரிவாள்மனையில் வைத்து நறுக்கினார். விரலிடுக்கு, முழங்கை, கன்னம் எல்லாம் கொப்புளம். ஒரு காலத்தில் சலவைக்காரர்கள் துணியில் குறி போடப் பயன்படுத்திய, தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் அந்தக் கொட்டையின் ஓட்டுக்குள்ளேயே இருக்கிறது. அலசினால் எப்படிப் போகும்?

அந்தக் குறிப்பு சொல்ல வந்தது 'சுத்தி'. வடமொழியிலிருந்து வந்தது, நேர்ப்பொருள் தூய்மை. சித்த மருத்துவத்தில் அது கலைச்சொல்: ஒரு சரக்கின், அதாவது மருந்துக்கான மூலப்பொருளின், நஞ்சைக் குறைத்து மருந்தில் சேர்க்கத் தகுந்ததாக ஆக்கும் வேலை. சேராங்கொட்டைக்கு முனையிலுள்ள மூக்கை வெட்டுவார்கள், நேர்வாளம் என்ற நச்சு விதையில் உள்முளையை எடுப்பார்கள், நாபி என்ற நச்சுக் கிழங்கைக் கோமூத்திரத்தில் ஊறப்போடுவார்கள். இதெல்லாம் தொடக்கம்தான், முழு முறையும் படித்த வைத்தியர் கையில் இருக்க வேண்டியது, வீட்டில் செய்து பார்ப்பதற்கல்ல.

ஆங்கிலத்தில் இதைப் 'பியூரிஃபிகேஷன்' என்று எழுதிவிட்டார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறந்து தூய்மையாக்கல், சுத்திகரிப்பு என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். 'தூய எட்டிக்கொட்டை' என்றுகூட ஒரு பட்டியலில் பார்த்தேன். தூய நெய் என்றால் கலப்படமில்லாத நெய். அப்படியானால் தூய எட்டி? அதன் நஞ்சான ஸ்டிரிக்னின் துளியும் குறையாத எட்டி என்றல்லவா ஆகிறது, சொல்ல வந்ததற்கு நேர் எதிராக! அழுக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டுவது, கழுவினால் போகும். நஞ்சு அந்தச் செடியிலேயே ஊறியது. 'சுத்திகரிப்பு' என்றாலோ குடிநீர் ஆலைதான் நினைவுக்கு வருகிறது.

'நச்சு முறிப்பு' என்று சிலர் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நஞ்சு முறிவு என்பது சித்த மருத்துவத்தில் ஏற்கெனவே உள்ள சொல், நஞ்சு உண்டவருக்குக் கொடுக்கும் மாற்று மருந்து அது. இரண்டையும் குழப்பினால் ஆபத்து.

அப்புறம் 'நச்சு நீக்கம்'. இதை உடம்பைச் சுத்தமாக்கும் சாறு விற்பவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய குறை, 'நீக்கம்' என்றால் மிச்சமே இல்லை என்று பொருள். நாபியை வேகவைத்தால் அதிலுள்ள அகோனிடின் என்ற நஞ்சு சிதைந்து வீரியம் குறைந்த வேறு பொருள்களாகிறது, சரி, ஆனால் முழுவதும் சிதைந்துவிட்டது என்று யாரும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எட்டியிலும் சுத்திக்குப் பிறகு ஸ்டிரிக்னின் மிஞ்சத்தான் செய்யும். அளவு தவறினால் ஒன்று இதயத்துடிப்பைக் குலைக்கும், மற்றது வலிப்பைக் கொண்டுவரும். 1945ஆம் ஆண்டு இந்திய மருந்து விதிகளின் நச்சுப்பொருள் அட்டவணையில் நாபி, சேராங்கொட்டை, நேர்வாளம், கலப்பைக்கிழங்கு (செங்காந்தள் கிழங்கு) எல்லாம் இருக்கின்றன. இவை சேர்ந்த உள்மருந்தை மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்று மருந்தின் மேல் ஒட்டும் சீட்டில் அச்சிட்டாக வேண்டும். எல்லாம் நீங்கிவிடுமென்றால் அந்த எச்சரிக்கை எதற்கு?

அதனால் நான் எழுதுவது 'நச்சுத் தணிப்பு'. காய்ச்சல் தணிந்தது, கோபம் தணிந்தது என்கிறோமே, தணிந்தது மறுபடி ஏறலாம் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. வைத்தியர்கள் தங்களுக்குள் சுத்தி என்றே எழுதட்டும், எனக்கு அதில் சண்டை இல்லை. வீட்டில் இருப்பவர் படிக்கும் குறிப்பிலும் மருந்தின் மேல் ஒட்டும் சீட்டிலும் 'நச்சுத் தணித்த நேர்வாளம்' என்று போடுங்கள்.