இன்ஹேலர் ஏன் பாதியில் நின்றது?

அவருக்கு 58 வயது. முப்பது வருடமாகக் கல் அறுக்கும் வேலை. ஒரே வருடத்தில் மூன்றாவது முறையாக மூச்சுத் திணறலோடு வந்து வார்டில் சேர்ந்திருந்தார். கோப்பைப் புரட்டிப் பார்த்தேன். முந்தைய இரண்டு முறையும் ஒரே வரிதான்: ‘இன்ஹேலரை ஒழுங்காக எடுப்பதில்லை.’ இரண்டும் என் கையெழுத்து.

மூச்சு கொஞ்சம் அடங்கியதும் பக்கத்தில் உட்கார்ந்து, “எப்படி எடுக்கறீங்கன்னு காட்டுங்க ஐயா” என்றேன். அழகாக எடுத்துக் காட்டினார். ஒரு பிழையும் இல்லை. பிறகு அவராகவே சொன்னார்: “காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டுன்னு சொன்னீங்க. அப்படி எடுத்தா ஒரு மாசத்துல தீந்துடுது டாக்டர். ஒண்ணு ஒண்ணா எடுத்தா ரெண்டு மாசம் வருது.”

கணக்கு சரி. 120 முறை அழுத்தக்கூடிய குப்பி. நாளுக்கு நான்கு என்றால் 30 நாள், இரண்டு என்றால் 60 நாள். கையில் இருந்த காசுக்குள் தன் மூச்சைப் பங்கிட்டுக்கொண்டிருந்த மனிதரை நான் இரண்டு முறை அலட்சியக்காரர் என்று எழுதிவைத்திருக்கிறேன். அன்றிலிருந்துதான் நோயாளிகளிடம் வீட்டையும் கூலியையும் பற்றிக் கேட்க ஆரம்பித்தேன். மார்பில் ஸ்டெதஸ்கோப் வைப்பதைப் போலவே அதுவும் பரிசோதனையில் ஒரு பகுதி என்று இப்போது நம்புகிறேன்.

அவருக்கு இருப்பது சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சுருங்கும். காற்றுப் பைகளின் சுவர்கள் சிதையும். உள்ளே போன காற்று முழுதாக வெளியே வராது. மருந்து இளைப்பைக் குறைக்கும், திணறல் திரும்பத் திரும்ப வராமல் காக்கும். ஆனால் சிதைந்த சுவர் திரும்ப வளராது. 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் ஏறத்தாழ 35 லட்சம் பேர் இந்த நோயால் இறந்தார்கள். எழுபது வயதுக்கு முன்பே இறப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் வருமானம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சிஓபிடி என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, “சிகரெட் பிடிப்பாரா?” வசதியான நாடுகளில் அந்தக் கேள்வி பெரும்பாலும் சரியான இடத்தில் போய் நிற்கும், அங்கே இந்த நோயில் 70 சதவீதத்துக்கும் மேல் புகையிலையால் வருவது. மற்ற நாடுகளிலோ புகையிலையின் பங்கு 30 முதல் 40 சதவீதம்தான். மீதிப் பேரை அந்தக் கேள்வி தவறவிட்டுவிடும்.

அப்படித் தவறவிடப்பட்ட ஓர் அம்மா என்னிடம் வந்தார். பல வருடங்களாக ஆஸ்துமா என்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். நுரையீரலின் திறனை ஊதவைத்து அளக்கும் ஸ்பைரோமெட்ரி கருவியில் ஒருமுறைகூட யாரும் ஊதச் சொன்னதில்லை. பழைய சீட்டுகளில் எல்லாம் ‘புகைப்பழக்கம் இல்லை’ என்று இருந்தது. உண்மைதான். ஆனால் ஜன்னல் இல்லாத அடுப்பறையில் நாற்பது வருடம் விறகு எரித்திருக்கிறார். காற்றில் மிதக்கும் நுண்துகள்களின் (பிஎம் 2.5) ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது 2021இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. புகைபோக்கி இல்லாத விறகடுப்பு எரியும்போது அது நூற்றுக்கணக்கில் போகும். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே இருக்கும் அந்தத் துகள், மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் காற்றுப் பை வரை இறங்கிவிடும்.

இன்னும் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். நுரையீரல் நம் இருபதுகளின் தொடக்கம் வரை வளர்கிறது. பிறகு மெல்லத் தேய்கிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வு, மூன்று பெரிய குழுக்களைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்தது. சிஓபிடி வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நுரையீரல் வேகமாகத் தேயவே இல்லை. இளமையிலேயே அது முழு அளவை எட்டாமல் நின்றிருந்தது. எடை குறைந்து பிறப்பது, குறைமாதப் பிரசவம், சிறுவயதில் நிமோனியா, பூஞ்சை படர்ந்த ஈரச் சுவர், நெரிசலான ஒற்றை அறை, வீட்டுக்குள் அடுத்தவர் விடும் புகை என்று இதற்கான காரணங்களை அடுக்கிப் பார்த்தால், ஒரு குடும்பத்தின் வருமானத்தைத்தான் வேறு சொற்களில் படிக்கிறோம் என்று தோன்றும். வாடகை குறைந்த வீடு ஆலைக்கும் நெடுஞ்சாலைக்கும் பக்கத்தில்தான் கிடைக்கிறது.

எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த ஆய்வும் குழந்தைகளைப் பற்றியதுதான். தெற்குக் கலிபோர்னியாவில் காற்று மாசு படிப்படியாகக் குறைந்த காலத்தில் அடுத்தடுத்து வளர்ந்த மூன்று குழுப் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். 15 வயதில் நுரையீரல் செயல்திறன் குறைவாக இருந்தவர்கள் முதல் குழுவில் 7.9 சதவீதம், கடைசிக் குழுவில் 3.6. அந்தப் பிள்ளைகள் யாரும் இதற்காக மருந்து சாப்பிடவில்லை. சுற்றியிருந்த காற்று மாறியது, அவ்வளவுதான்.

அடுத்து, நோயாளி செய்யும் வேலை. “தூசி வேலையை விட்டுடுங்க” என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். விட்டால் அடுத்த வாரம் வீட்டில் என்ன நடக்கும் என்று முன்பெல்லாம் நான் கேட்டதில்லை. கல் அறுக்கும்போது தண்ணீர் பாய்ச்சினால் தூசி வெகுவாக அடங்கும், அதைச் செய்ய வேண்டியவர் முதலாளி. துணியை மூக்கில் கட்டிக்கொண்டால் கல்லிலிருந்து பறக்கும் சிலிக்கா தூசி நிற்காது. என்95 வகை முகக்கவசமாவது வேண்டும், அதையும் தொழிலாளியின் கூலியிலிருந்து பிடிக்கக் கூடாது.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். முதல் சந்திப்பிலேயே, “இந்த மருந்தை மாதாமாதம் வாங்க முடியுமா?” என்று நேராகக் கேட்கிறேன். முடியாது என்றால் விலை குறைந்த, அதே மூலக்கூறு உள்ள மருந்து பெரும்பாலும் இருக்கும். தயவுசெய்து நீங்களாக அளவைப் பாதியாக்காதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஸ்பேசர் என்பது இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் குழாய். அதை வாங்க வழியில்லாதவர்களுக்கு, அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் பொருந்தும்படி துளையிட்டு, இடைவெளி இல்லாமல் அடைத்துக் கொடுக்கிறோம். ஆஸ்துமா தீவிரமான குழந்தைகளிடம் இது கடையில் விற்கும் ஸ்பேசர் அளவுக்கே பலன் தந்ததை 1999இல் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் காட்டினார்கள்.

அடுப்பை மாற்றுவதுதான் சிறந்தது. எரிவாயுவோ மின்சாரமோ வந்த பிறகும் பக்கத்தில் விறகடுப்பும் எரிந்தால் பலன் மிகக் குறைவு. மாற்றவே முடியாத வீட்டில் புகைபோக்கியாவது வேண்டும். சீனாவின் ஷுவான்வெய் பகுதியில் புகைபோக்கி வைத்த வீடுகளில் சிஓபிடி குறைந்ததைப் பல்லாயிரம் பேரிடம் பதிவு செய்திருக்கிறார்கள். காய்ந்த விறகும் திறந்த வெளிச் சமையலும் கொஞ்சம் உதவும்.

வீட்டில் ஆக்சிஜன் தேவைப்படுபவர்கள் நாளுக்கு 15 மணி நேரமாவது எடுத்தால்தான் ஆயுள் நீளும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் கருவியை எழுதிக் கொடுக்குமுன் வீட்டில் மின்சாரம் எத்தனை மணி நேரம் இருக்கிறது, கட்டணத்தை யார் கட்டுவார்கள் என்று கேட்காத மருத்துவரை நான் ஏற்க மாட்டேன். ஆக்சிஜன் ஓடும் அறையில் அடுப்போ பீடியோ அறவே கூடாது, தீப்பிடிக்கும்.

நடைப்பயிற்சி, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி இவற்றுக்குச் செலவில்லை. மூச்சிரைப்பைக் குறைப்பதில் இவற்றுக்கு மருந்துக்கு இணையான மதிப்பு உண்டு. மாதக்கணக்கில் நீடிக்கும் இருமல், சளி, முன்பு எளிதாக ஏறிய படியில் இப்போது மூச்சு வாங்குவது, இவை இருந்தால் ஸ்பைரோமெட்ரி செய்யச் சொல்லிக் கேளுங்கள், புகைப்பழக்கம் இல்லாவிட்டாலும்.

அந்த அம்மா போன மாதம் வந்திருந்தார். அடுப்பைக் கூரைச் சாய்ப்புக்கு வெளியே மாற்றியிருக்கிறார்கள். அவருடைய ஸ்பைரோமெட்ரியில் பெரிய மாற்றமில்லை. கூடவே மருமகளை அழைத்து வந்திருந்தார், இடுப்பில் எட்டு மாதக் குழந்தையோடு. “இவளையும் ஊதச் சொல்லுங்க டாக்டர். சமைக்கும்போது குழந்தையைத் தூக்கிவெச்சுக்காதேன்னு நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா, நீங்க சொல்லுங்க” என்றார். சொன்னேன். சமைக்கும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டேன்.