துருவின் மேல் கறுப்பு அடித்தால் என்ன ஆகும்?

காரின் அடியில் செம்பழுப்பாக ஏதாவது தெரிந்ததும் பலரும் எங்கள் டிங்கரிங் பட்டறைக்கு வந்து கேட்பது ஒன்றுதான்: "அந்தக் கறுப்புக் கோட்டிங்கை ஒரு கை அடிச்சு விட்டுருங்க அண்ணாச்சி." அதைத்தான் நான் செய்ய மாட்டேன் என்கிறேன். துருவின் மேல் கோட்டிங் அடித்தால் கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். கோட்டிங் வெயிலில் இறுகி ஓரத்தில் விரிசல் விடும். அந்த விரிசல் வழியாக உள்ளே போகும் தண்ணீர் திரும்பக் காயவே காயாது. பூச்சு இல்லாத வண்டியாவது ஓடுகிற காற்றில் உலரும்.

தூத்துக்குடி மாதிரி ஊர்களில் இது இன்னும் மோசம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும். கடலோரத்தில் பல இரவுகள் அப்படித்தான். மழையே பெய்யாவிட்டாலும், அடியில் உப்பு ஒட்டிய வண்டி நிறுத்திய இடத்திலேயே இரவெல்லாம் நனைந்துகொண்டிருக்கும். உப்பு லாரிகளுக்குப் பின்னால் தினமும் போய்வரும் வண்டிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இதில் வேடிக்கை என்னவென்றால், உப்பைக் கழுவத்தான் வாட்டர் சர்வீஸுக்கு விடுகிறோம். அங்கே அடிப்பது வாயில் வைத்தாலே கரிக்கும் போர் தண்ணீர். கடைசியாக ஒரு தடவை நல்ல தண்ணீரை அடித்து விடச் சொல்லிக் கேளுங்கள். கூடுதலாக ஏதாவது கேட்டால் கொடுத்துவிடுங்கள், பெரிய செலவில்லை.

ஆக்ஸில் போன்ற கனமான பாகங்களில் மேலாகப் படியும் துருவுக்குப் பயப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகரம் இருக்கும் இடங்களுக்கு. கதவுக்குக் கீழே நீளமாகப் போகும் ரன்னிங் போர்டு உள்ளே வெற்றுக் குழல். அதன் அடியில் தண்ணீர் வடிவதற்குச் சிறு துளைகள் உண்டு. சேறு அடைத்தாலோ, கோட்டிங் அடிப்பவர் அவசரத்தில் மூடிவிட்டாலோ, உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். வெளியே பெயிண்டில் சின்னக் கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். கதவின் கீழ்விளிம்பும் டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளமும் இதே கதைதான்.

இன்னொன்று, கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச். ஏசி தண்ணீர் வடியும் குழாய் அடைத்துக்கொண்டால் முன்சீட்டுக் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் இறங்கி அதில் ஊறிக் கிடக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியதே, அந்த வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் இன்ஜினையும் வயரிங்கையும் பார்த்தவர்கள் பலர் இந்த ஸ்பாஞ்சைத் தூக்கிப் பார்க்கவில்லை. அப்படி வெள்ளத்தில் நின்ற வண்டி உங்களிடம் இருந்தால் முதலில் சீட்டைக் கழற்றி அதைப் பாருங்கள்.

சரி, துரு வந்துவிட்டது, என்ன செய்வது? லிஃப்டில் ஏற்றி, கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். அதே நாளில் முடித்துத் தருகிறேன் என்கிற இடத்தில் விடாதீர்கள். அப்புறம் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்ப்போம். டங்கென்று கேட்டால் தகரம் இருக்கிறது. மொத்தென்று கேட்டால் இல்லை. பழைய கோட்டிங் தூக்கிக்கொண்டிருக்கும் இடத்தை எல்லாம் சுரண்டி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளப்பான இரும்பைக் கொண்டுவர வேண்டும். வேலையில் முக்கால்வாசி இதுதான், கூலியும் இதற்குத்தான். குழிகளில் மிஞ்சும் மெல்லிய துருவுக்கு மட்டும் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த கன்வெர்ட்டர், அதாவது துருவை வேறு பொருளாக மாற்றும் திரவம். செதில் செதிலாக இருக்கும் துருவின் மேல் அதைத் தடவினால் மேல்தோல் மட்டும் கறுக்கும். மிஞ்சிய ஆசிட்டைக் கழுவிக் காயவிடாவிட்டால் அடுத்து அடிக்கும் எபாக்சி பிரைமர் சரியாகப் பிடிக்காது. பிரைமருக்குப் பிறகு இணைப்புகளில் சீலர், அதற்கும் மேல்தான் கறுப்புக் கோட்டிங். குழல் பகுதிகளுக்குள் கோட்டிங் போகாது. அங்கே நீளமான டியூப் வைத்து மெழுகு ஸ்ப்ரே அடிக்க வேண்டும். நம் பக்கம் அதைக் கேட்பவரும் குறைவு, செய்பவரும் குறைவு. எனக்கு அதுதான் கோட்டிங்கைவிட முக்கியம்.

ஓட்டை விழுந்திருந்தால் பட்டி வைத்து மூடுவது ஏமாற்று வேலை. அரித்ததை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் டேங்க் இருந்தால் இறக்கிவிட்டு, பேட்டரியையும் கழற்றிவிட்டு. வெல்டிங் சூட்டில் மறுபக்கப் பெயிண்டும் எரிந்திருக்கும், அங்கும் மெழுகு போக வேண்டும்.

பழைய இன்ஜின் ஆயிலை அடியில் அடிக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. வேண்டாம். ரப்பர் புஷ்கள் ஊதிப்போகும், மண்ணும் கெடும். கோட்டிங்கோ ஆயிலோ எதுவானாலும் பிரேக் டிஸ்க், சைலன்சர், ஆக்ஸிஜன் சென்சார் மேல் படக் கூடாது. வேலைக்கு முன் அவற்றை மூடி டேப் ஒட்டுகிறார்களா என்று நின்று பாருங்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு: அடிப்பகுதி முழுக்கப் புத்தம் புதிய கறுப்பாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். கோட்டிங் அடிக்கும் முன் எடுத்த போட்டோ கேளுங்கள். இல்லை என்றால், ரன்னிங் போர்டை முழு நீளத்துக்கும் தட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.