இன்சர்ட் விலையும் பீஸ் கணக்கும்: ஓசூர் பட்டறைகளுக்கு

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள பட்டறைகளுக்கு ஜிஎஸ்டியும் செலவுக் கணக்கும் பார்ப்பது என் தொழில். சிஎன்சி லேத்தில் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) ஜாப் ஒர்க், அதாவது பிற கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை, செய்பவர்களிடம் இறக்குமதி கார்பைடு இன்சர்ட் (உலோகத்தைச் சீவும் சின்ன வெட்டுத் துண்டு; ஒரு முனை தேய்ந்தால் அடுத்த முனைக்குத் திருப்பிப் போடலாம்) பற்றிப் பேச்செடுத்தால், "விலையைப் பார்த்தீங்களா சார்?" என்பார்கள்.

சரி, பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, இப்போது போடும் நான்கு முனை இன்சர்ட் 200 ரூபாய், முனைக்கு 50 பீஸ் என்று வைத்துக்கொள்வோம். பீஸுக்கு ஒரு ரூபாய். இறக்குமதி இன்சர்ட் 450 ரூபாய், முனைக்கு 150 பீஸ் என்றால் 75 காசு. இந்த 25 காசு பெரிதில்லை. 600 பீஸுக்கு முன்னதில் 12 முனை வேண்டும், பின்னதில் 4 போதும். ஒவ்வொரு தடவையும் மெஷினை நிறுத்தி, முனையைத் திருப்பி, ஆஃப்செட் (புது முனைக்கான அளவுத் திருத்தம்) போட்டு, முதல் பீஸை மைக்ரோமீட்டரில் அளக்க ஐந்து நிமிடமாவது ஆகும். எட்டு தடவை குறைந்தால் 40 நிமிடம் மிச்சம். அதே ஆள், அதே மெஷின். பீஸ் மட்டும் கூடுகிறது. உற்பத்தித்திறன் என்பது இதுதான்.

ஸ்பிண்டில் (பீஸைப் பிடித்துச் சுழற்றும் தண்டு) ஆட்டம் கண்ட லேத்தில் எந்த நாட்டு இன்சர்ட்டும் உடையும், அது வேறு கதை.

இறக்குமதி தரும் பலனை நாட்டளவிலும் பார்க்கலாம். 1990இல் 80 சதவீதத்துக்கு மேலிருந்த சராசரி இறக்குமதி வரி 1996இல் 39 சதவீதமானது. அந்தக் காலத்தில் இந்தியக் கம்பெனிகள் கொண்டுவந்த புதுப் பொருட்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு, மூலப்பொருள், பாகங்கள் மீதான வரிக் குறைப்பே காரணம் என்கிறது 2010இல் வந்த ஓர் ஆய்வு. ஆனால் நன்றாக நடக்கும் கம்பெனிதான் இறக்குமதிக்கும் துணியும். அதனால் எல்லாப் புகழையும் இறக்குமதிக்கே கொடுத்துவிட முடியாது.

இறக்குமதிக்குக் கட்டும் வரியில் பலர் குழம்புகிறார்கள். அடிப்படைச் சுங்க வரியும் அதன்மேல் வரும் சமூக நலக் கூடுதல் வரியும் உங்கள் செலவு. இறக்குமதியின்போது கட்டும் ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டியை கிரெடிட் எடுக்கலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம்; பில் ஆஃப் என்ட்ரியில் (சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவம்) உங்கள் ஜிஎஸ்டி எண் சரியாக இருக்க வேண்டும். சிறு தொழில்களுக்கான எளிய ஜிஎஸ்டி முறையான காம்போசிஷனில் இருந்தால் அந்த கிரெடிட்டும் கிடையாது.

அப்புறம், சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் கட்டணம், பேப்பர் வேலை எல்லாம் ஒரு பெட்டிக்கும் நூறு பெட்டிக்கும் பெரிதாக மாறாது. மாதம் இரண்டு பெட்டி வாங்கும் பட்டறை நேரடி இறக்குமதியில் இறங்க வேண்டாம். பெங்களூரு ஸ்டாக்கிஸ்ட்டிடம் ஜிஎஸ்டி பில்லோடு ஒரு பெட்டி வாங்குங்கள். ஒரே ஜாபில் ஒரு ஷிப்ட் ஓட்டி, முனைக்கு எத்தனை பீஸ் வந்தது என்று ஆபரேட்டரை நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.