ராக்கெட்டைக் கட்டிப்போடும் மேடை

எஞ்சின்கள் முழு வீச்சில் எரிய வேண்டும், ராக்கெட் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. தரைச் சோதனை மேடையின் வேலை இதுதான்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், நாசாவின் ஸ்டென்னிஸ் மையத்தில் பி-2 என்றொரு மேடை இருக்கிறது. 1960களில், மனிதரை நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் முதல் கட்டத்தை, அதாவது அடிப்பகுதியை, சோதிக்கக் கட்டியது. எரிபொருள் நிரப்பிய அந்தக் கட்டத்தின் எடை சுமார் 2,300 டன். ஐந்து எஞ்சின்களின் உந்துவிசை சுமார் 3,400 டன். பற்றவைத்ததுமே ஆயிரம் டன்னுக்கு மேல் மேல்நோக்கி இழுக்கும். எரிபொருள் தீரத் தீர இழுப்பு கூடிக்கொண்டே போகும்.

அதே மேடையில் 2021 மார்ச்சில் நாசாவின் புதிய நிலவு ராக்கெட்டான எஸ்எல்எஸ்ஸின் மையக் கட்டத்தை எட்டு நிமிடத்துக்கு மேல் எரித்தார்கள். இங்கே கணக்கு வேறு. எடை ஆயிரம் டன்னுக்கு மேல், உந்துவிசையோ 700 டன் சொச்சம்தான். பறக்கும்போது மீதி பலத்தைப் பக்கவாட்டு பூஸ்டர்கள் தரும். சோதனையில் அவை கிடையாது. அதனால் முதல் சில நிமிடங்கள் மேடை அதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. டாங்க் காலியாகிவரும்போது, பறந்துவிடாமல் இழுத்துப் பிடிக்கிறது. ஒரே சட்டகம் இரண்டுக்கும் ஈடுகொடுப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

சரி, நெருப்பு? கீழே பாயும் சுடரை வளைந்த எஃகுத் தடுப்பு பக்கவாட்டில் திருப்பிவிடும். சும்மா விட்டால் எஃகு உருகிவிடும். அதனால் அதில் பல்லாயிரம் சிறு துளைகள். அவற்றின் வழியே நிமிடத்துக்குச் சுமார் ஒன்பது லட்சம் லிட்டர் தண்ணீர் பீறிடும். இதற்கென்றே தனி நீர்த்தேக்கம், டீசல் பம்புகள். எஸ்எல்எஸ்ஸில் இருப்பது போன்ற ஹைட்ரஜன் எஞ்சின் எரியும்போது எழும் வெண்மேகம் புகையல்ல, நீராவி.

சத்தத்தைத்தான் இரும்பாலும் தண்ணீராலும் முழுதாக அடக்க முடியாது. இடி போன்ற தாழ்ந்த ஒலியைக் காற்று அதிகம் உறிஞ்சாது, பல கிலோமீட்டர் போகும். கீழே குளிர்காற்றும் மேலே வெதுவெதுப்பான காற்றும் நிற்கும் நாளில், மேலே போன ஒலி வளைந்து தூரத்து ஊர்களில் இறங்கும். தூரம் ஒன்றுதான் வழி. சுற்றிலும் 1,25,000 ஏக்கர், அதாவது சுமார் 500 சதுர கிலோமீட்டர் நிலத்தை ஒதுக்கினார்கள். கெய்ன்ஸ்வில், லாக்டவுன் (Logtown) போன்ற ஊர்கள் காலியாயின. அந்த மக்களை விட்டுவிட்டு இந்த மேடையைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. அந்த வளையத்தில் பயிரிடலாம், மரம் வளர்க்கலாம். குடியிருக்க வீடு கட்ட முடியாது.