ஒலிக்கருவிகளைக் கண்மறைத்து ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

கும்பகோணத்தில் ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். சம்பா அறுவடைப் பணம் கைக்கு வந்ததும், அல்லது வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை பணம் அனுப்பியதும், வீட்டுக்கு ஒரு நல்ல செட் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் வந்து இரண்டு பெயர்களைச் சொல்லி எது நன்றாக இருக்கும் என்று கேட்பார்கள். என் காதை வைத்துப் பதில் சொல்ல நான் விரும்புவதில்லை. நாளும் கேட்கப் போகிறவர் அவர். அவருடைய காதே முடிவு செய்ய வேண்டும். ஆனால் அந்தக் காது ஏமாறாதபடி சோதனையை அமைத்துக்கொள்ளாவிட்டால், எத்தனை மணி நேரம் மாற்றி மாற்றிக் கேட்டாலும் கிடைக்கும் முடிவுக்கு மதிப்பில்லை.

கோயில் புறப்பாட்டில் நாதஸ்வரத்தையும் தவிலையும் பக்கத்தில் நின்று கேட்டு வளர்ந்த ஊர் இது. சுருதி இம்மி விலகினாலும் முகம் சுளிக்கும் பெரியவர்கள் இங்கே தெருவுக்கு நான்கு பேர் உண்டு. அப்படிப்பட்டவர்களிடம் கருவியை மறைத்துவிட்டுக் கேளுங்கள் என்றால், தங்கள் கேள்வி ஞானத்தைச் சந்தேகிப்பதாக வருத்தப்படுகிறார்கள். 1994இல் ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஒலிப் பொறியியல் கழகத்தில் (ஏ.இ.எஸ்.) அளித்த ஆய்வு இதற்குத் தக்க விளக்கம் தருகிறது. அதே நபர்கள் அதே ஸ்பீக்கர்களுக்கு, கண்ணால் பார்த்தபடி ஒருமுறையும் திரைக்கு இந்தப் புறமிருந்து ஒருமுறையும் மதிப்பெண் கொடுத்தபோது, பார்த்துக் கொடுத்த மதிப்பெண்களில் உருவமும் விலையும் பெயரும் ஏறி உட்கார்ந்திருந்தன. பழகிய காது உடையவர்களும் இதற்கு விலக்கல்ல. திரை போட்ட பிறகுதான் ஸ்பீக்கரை வைத்த இடத்தால் வரும் மாற்றங்கள்கூடக் கேட்பவர்களுக்குத் தெளிவாகப் பிடிபட்டன. எனவே காதை மற்றப் புலன்களின் குறுக்கீட்டிலிருந்து காப்பதற்காகத்தான் திரை போடுகிறோம்.

திரையைவிட முக்கியமானது ஒலியளவு. ஒரே பாட்டைச் சற்றுக் கூடுதல் ஒலியில் கேட்கும்போது, ஒலி கூடியிருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை; குரல் தெளிவாக இருக்கிறது, மிருதங்கத்தின் தொப்பி நன்றாக விழுகிறது என்றுதான் சொல்கிறார்கள். இதற்குக் காரணம் நம் செவியின் இயல்பு. தாழ்ந்த ஒலியளவில் காது அடிச்சுரங்களை (பேஸ்) குறைவாகவே வாங்கிக்கொள்கிறது என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து வரைபடமாகக் காட்டிவிட்டார்கள். ஒலியளவு ஏற ஏற அடிச்சுரம் மற்றவற்றைவிட வேகமாக நிறைகிறது. ஆகவே ஒரு ஆம்ப்ளிஃபையர் மற்றொன்றைவிட 1 டெசிபல் (ஒலியளவின் அலகு) மட்டும் கூடுதலாக ஒலித்தால், அது தரத்தில் உயர்ந்தது என்ற எண்ணம் வந்துவிடும்.

சமப்படுத்துவதற்குச் சாதாரண மல்டிமீட்டர் போதும். 300 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 300 அதிர்வு) அளவிலான ஒரே சீரான ஒலியைப் பென்டிரைவில் ஏற்றி ஓடவிட்டு, ஸ்பீக்கர் இணைந்திருக்கும் நிலையிலேயே அதன் முனைகளில் ஏ.சி. வோல்ட்டை அளக்க வேண்டும். விலை குறைந்த மீட்டர்கள் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை அளப்பதற்காகவே செய்யப்பட்டவை என்பதால், மிக உயர்ந்த அதிர்வெண்ணைத் தவிர்ப்பது நல்லது. ஒன்று 2.00 வோல்ட்டும் மற்றது 2.24 வோல்ட்டும் காட்டினால் இடைவெளி ஏறக்குறைய 1 டெசிபல். அந்த நிலையில் சோதனையைத் தொடங்கவே கூடாது. ஒன்றை 2.00இலேயே வைத்து மற்றதை 1.98க்கும் 2.02க்கும் இடையில் கொண்டுவந்தால்தான் வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள் அடங்கும். வால்யூம் திருகை நகத்தால் தொட்டாலே எண் 1.96இலிருந்து 2.05க்குத் தாவும், மறுபடி தொட்டால் வேறெங்கோ போகும்; பொறுமையாக இருக்க வேண்டிய இடம் இதுதான். படிப்படியாக மட்டுமே ஒலி ஏறும் டிஜிட்டல் கருவியை ஒரு படியில் நிறுத்திவிட்டு, சுழற்றும் திருகு உள்ள கருவியை அதற்கு இணையாகக் கொண்டுவருவது எளிது. இடது, வலது இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். டோன் கன்ட்ரோல்கள் நடுவில் இருக்கின்றனவா, அடிச்சுரத்தைக் கூட்டும் லவுட்னஸ் பொத்தான் அணைந்திருக்கிறதா என்பதை அளப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை ஒரே ஜோடி ஸ்பீக்கருக்கு மாற்றிக் கொடுக்கும் சுவிட்சில் ஓர் எச்சரிக்கை உண்டு. இன்று பரவலாக விற்கும் கிளாஸ்-டி வகை ஆம்ப்ளிஃபையர் பலகைகள் பலவற்றில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு கம்பிகளிலுமே மின்சாரம் இருக்கும். கறுப்புக் கம்பி எர்த் அல்ல. பழைய பழக்கத்தில் இரண்டு கருவிகளின் மைனஸ் கம்பிகளையும் சேர்த்து முடிந்தால் பலகையிலுள்ள ஐ.சி. சில்லு எரிந்துபோகும். பிளஸ், மைனஸ் இரண்டையும் ஒருசேரத் துண்டித்து, ஒன்றை முழுவதும் விட்ட பிறகே அடுத்ததைப் பிடிக்கும் சுவிட்சையே பயன்படுத்துங்கள்.

சுவிட்சைப் போடுகிறவர் கேட்பவரின் கண்ணில் படக் கூடாது. விலை கொடுத்து வாங்கியவர் சுவிட்ச் அருகில் நின்றால், அவர் மூச்சை இழுத்துவிடும் விதமே விடையைச் சொல்லிவிடும். வீட்டிலுள்ள பிள்ளைகளை நாணயம் சுண்டவைத்து, எந்தச் சுற்றில் எந்தக் கருவி என்ற வரிசையை முன்கூட்டியே தாளில் எழுதி மடித்து வைத்து, சுவிட்ச் போடுகிறவரை ரேழியில் உட்காரவைக்கலாம். சில சுற்றுகளில் கருவியை மாற்றாமல் சுவிட்சின் ஓசையை மட்டும் கேட்கச் செய்ய வேண்டும். மாறாதபோதும் மாற்றம் கேட்கிறதா என்பது அப்போது தெரியும். ஒலி குறித்த நினைவு சில விநாடிகளில் மங்கிவிடுவதால், கேட்கும் பாட்டுத் துண்டு சிறியதாகவும் மாற்றம் உடனடியாகவும் இருப்பது நல்லது.

ஸ்பீக்கர்களை ஒப்பிடுவது இதைவிடக் கடினம். 12 அடி நீள அறையில் 48 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி சுவர்களுக்கிடையே தேங்கி நிற்கும்; ஸ்பீக்கரைச் சுவரை நோக்கி ஒரு சாண் நகர்த்தினாலே அடிச்சுரம் வேறாகிவிடும். முற்றத்தை ஒட்டிய ஓட்டுக்கூடத்தில் இன்பமாக ஒலித்த பெட்டி, நான்கு புறமும் மொட்டைச் சுவருள்ள மாடியறையில் இரைச்சலாகக் கேட்பது இதனால்தான். இரண்டு ஜோடிகளையும் அதே இடத்தில் மாற்றி மாற்றி வைத்துக் கேட்பதே முறை. முன்னால் மெல்லிய பருத்தி வேட்டியை ஒற்றையாகக் கட்டலாம். வாயருகே வைத்து ஊதினால் மூச்சு தடையின்றி அப்புறம் போகும் நெசவாக இருக்க வேண்டும்.

மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும் என்பதால் காவிரிக் கரை வெயிலில் விடியற்காலையே ஏற்ற நேரம். மார்கழியில் மட்டும் கோயில் ஒலிபெருக்கி ஓய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பாடலைத் தேர்ந்தெடுக்கும்போது, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் பழைய இசைத்தட்டை எடுத்து வருகிறவர்கள் உண்டு. அந்தத் தோடிக்கு ஈடில்லை. ஆனால் அக்காலப் பதிவில் அடிச்சுரமும் உச்ச ஒலிகளும் ஏறவே இல்லை என்பதால், கருவிகளைப் பிரித்துக் காட்ட அது உதவாது. தம்பூரா தெளிவாகக் கேட்கும் அண்மைக்காலக் கச்சேரிப் பதிவு நல்லது.

எத்தனை சுற்று என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்; விரும்பிய விடை வந்ததும் நிறுத்துவது நியாயமல்ல. ஒலிப்பது எந்தக் கருவி என்று ஒருவர் 10 சுற்றில் 7 முறை சரியாகச் சொன்னால் நாம் கைதட்டிவிடுகிறோம். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலும் 100 பேரில் சுமார் 17 பேர் அந்த 7ஐயோ அதற்கு மேலோ எட்டிவிடுவார்கள். 16 சுற்றில் 12 என்றால், ஊகத்தால் எட்டக்கூடியவர்கள் 100க்கு 4 பேர்தான். அங்கிருந்துதான் நம்பத் தொடங்கலாம். எட்டாவிட்டால் வித்தியாசமே இல்லை என்று பொருளல்ல. அந்த அறையில், அந்தப் பாட்டில், அவருக்குப் பிடிபடவில்லை என்பது மட்டுமே பொருள்.

கடையில் கேட்டு வாங்குகிறவர்கள் மல்டிமீட்டரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். விலை கூடிய கருவியைக் காட்டும்போது வால்யூமைச் சற்று ஏற்றும் பழக்கம் பல இடங்களில் உண்டு. ஸ்பீக்கர் முனையில் அளந்து சமப்படுத்தித் தரச் சொல்வது உங்கள் உரிமை. கடைக்காரர் மறுத்தால், திருப்பித் தரும் ஒப்பந்தத்தில் இரண்டு நாள் வீட்டில் வைத்துக் கேட்க அனுமதி கேளுங்கள்.